ஒன்றரைச் சத்தம்

அந்த வீட்டில் ஒன்பது வருடமாக ஓர் எலி இருந்தது. அதை யாரும் பார்த்ததில்லை. வாலைப் பார்த்ததில்லை, புழுக்கையைப் பார்த்ததில்லை, அது கடித்துப் போட்ட துணி என்று ஒரு கிழிசலைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் இருந்தது. அண்ணன் அறைக்கும் தம்பி அறைக்கும் நடுவே நின்ற தடுப்புப் பலகையில் அது ராத்திரிதோறும் பல்லைத் தேய்த்தது. கறக், கறக், கறக். அண்ணன் தன் பக்கம் ஒரு பொறி வைத்தான். தம்பி தன் பக்கம் ஒரு பொறி வைத்தான். இத்தனை வருடத்தில் அந்த இரண்டு பொறியிலும் மாட்டியது தம்பியின் கால் கட்டைவிரல் ஒன்றுதான்.

தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் அது எலி இல்லை என்று நிச்சயமாகத் தெரியும். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர். அண்ணன் பெண்டாட்டி பெரியவள்.

"எலியாம் எலி! உங்க அண்ணி அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு நகத்தால பலகையைச் சுரண்டறா. நான் கண்ணை மூடக் கூடாது, அவளுக்கு அதான் வேணும்," என்பாள் புருஷனிடம். "சுரண்டறது போதாதுன்னு நடுவுல ஓங்கித் தட்டறா வேற. கேக்கலையா உங்களுக்கு?"

அவனுக்குக் கேட்காது. படுத்தால் கட்டை.

சமையலறை ஒன்றுதான். அடுப்பு இரண்டு, குழாய் ஒன்று, ஃப்ரிட்ஜ் ஒன்று. ஃப்ரிட்ஜில் மேல்தட்டு பெரியவளுக்கு, கீழ்த்தட்டு சின்னவளுக்கு; நடுத்தட்டு எல்லைக்கோடு என்று காலியாகவே கிடந்தது. இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அதற்காகப் பேச்சுக்குக் குறைச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். பெரியவள் ஃப்ரிட்ஜிடம் பேசுவாள். சின்னவள் குழாயிடம் பேசுவாள்.

"சில பேருக்குக் குழாயைத் திறந்தா மூடத் தெரியாது," என்பாள் பெரியவள், ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டு.

"சில பேருக்கு வாயையே மூடத் தெரியாது. குழாய் எம்மாத்திரம்," என்பாள் சின்னவள், விழுகிற தண்ணீரைப் பார்த்து.

"பேருதான் கைவேலைக்காரி. ஒரு டம்ளரைப் பிடிச்சா கை அந்த உதறு உதறுது."

"உதறினாலும் உழைக்கிற கை. தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கற கை இல்ல."

தூக்கம் என்கிற வார்த்தை வந்ததும் பேச்சு நின்றுவிடும். ஃப்ரிட்ஜ் கதவு அறைந்து மூடும். குழாய் இன்னும் வேகமாகத் திறக்கும்.

அந்த வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதங்களில் இரண்டு மருமகள்களும் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "அக்கா", "சொல்லுடி" என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்ட காலம் அது. வேலைக்குக் காலையில் மட்டும் போய்வந்து, பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை சின்னவள். நாலிலிருந்து எட்டு வரை பெரியவள். ஒருநாள் மூன்றரை மணி வாக்கில் சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்துபோனாள். மகளுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாளாகப் படுக்காத உடம்பு. அவள் விழித்தபோது மணி ஐந்து. வேலையிலிருந்து வந்த அண்ணன் தன் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்துக் கத்திய கத்தலில்தான் விழித்தாள். அந்த அம்மாள் அதற்குள் போய்விட்டிருந்தாள்.

மருத்துவர் வந்து பார்த்து, யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் இது நின்றிருக்காது என்றார். அதை யார் காதில் வாங்கினார்கள்? சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் பெரியவள் வந்து நின்றாள். சின்னவளைக் கை நீட்டிக் காட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"தூங்கிட்டா."

அதைச் சொன்ன வாயைச் சின்னவள் பார்த்தாள். முன்பல்லில் ஒரு மூலை உடைந்த வாய். கீழ்வரிசையில் கோரைப்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் கால் போட்டு நிற்கிற வாய். பிறகு அந்தக் கன்னத்தையும் பார்த்தாள். கன்னத்தில் தலையணை உறையின் மடிப்பு ஆழமாகப் பதிந்து, இன்னும் அழியாமல் காது வரை சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது.

நாலு மணிக்கு வர வேண்டியவள் ஏன் வரவில்லை என்று அந்தக் கோடு சொன்னது. சின்னவள் வாயைத் திறந்தாள். புருஷன் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினான்.

"சாவு வீட்டுல சண்டை வேண்டாம். கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

இருந்தாள், கண்ணுகளா. அவன் சொன்னதைச் சொன்னபடியே செய்தாள். கொஞ்ச நாள் ஒன்பது வருடமாயிற்று.

முதல் வருடம் தூக்கம் மட்டும்தான் போயிற்று. கண்ணை மூடினால் போதும், யாரோ விரல் நீட்டுகிற மாதிரி உடம்பு தூக்கிப்போடும். இரண்டாம் வருடம் வயிறு எரிந்தது. அப்புறம் பிடரி இறுகியது. தலையைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. காதுக்குள் ஒரு கொசு நிரந்தரமாகக் குடியேறியது. அடுப்பை மூட்டிவிட்டு எதற்கு மூட்டினோம் என்று நின்றாள். மகள் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து பதக்கத்தைக் காட்டியபோது மனதுக்குள் எதுவும் அசையவில்லை. "அங்க வை" என்றாள். அன்று மாலையே தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரத்தில் ஒரு நாய்க்குட்டியைக் குளிப்பாட்டியதைப் பார்த்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். மகள் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

மருத்துவரிடம் போனாள். ரத்தம், நெஞ்சுத் துடிப்பு, தைராய்டு என்று ஒன்று விடாமல் பார்த்தார்கள்.

"எல்லாம் நார்மல்," என்றார் அவர். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல டாக்டர்."

"வேலையில?"

"இல்ல டாக்டர்."

"இப்ப ஏன் பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க?"

"நானா?" என்றாள் சின்னவள். அவரும் விட்டுவிட்டார். வாசலில் இன்னும் இருபது பேர் இருந்தார்கள்.

இனி அவளுடைய வேலையைச் சொல்ல வேண்டும். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்ப, அதை வைத்துச் செயற்கைப் பல் கட்டித் தருகிற ஒரு லேப் அது. அச்சில் பிளாஸ்டர் ஊற்றி வெள்ளைப் பல்வரிசையாக எடுப்பார்கள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் தாடை மாதிரித் திறந்து மூடுகிற இரும்புச் சட்டத்தில் ஏறி அவள் மேஜைக்கு வரும். விளக்குச் சுடரில் கத்தியைக் காட்டி, மெழுகை உருக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, செதுக்கி, அவள் பல்லாக்குவாள். மெழுகு அப்புறம் கெட்டிப் பிளாஸ்டிக்காக மாறி மறுபடி அவளிடமே வரும், கடி பார்க்க. நீலத்தாளை நடுவில் வைத்துச் சட்டத்தை மூடினால் எங்கே உயரமோ அங்கே நீலம் பதியும். மற்றவர்களுக்கு நீலத்தாள். சின்னவளுக்குக் காது. எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் 'டக்' என்று ஒரே சத்தம். ஒரு மயிரிழை உயரம் இருந்தாலும் 'ட-டக்' என்று இரண்டு சத்தம்.

பதினாலு வருடம் அந்த ஜன்னலோர மேஜை அவளுடையது. வீட்டில் அவள் தூங்கினவள். இங்கே மட்டும்தான் கைகாரி. அந்த மேஜைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

முதலாளியை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் மைக்ரான் என்பார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்துப் பார்க்கிற ஆள். அவர் அன்று காலையில் அவள் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"இந்த மாசம் ரெண்டு பீஸ் திரும்பி வந்திருக்கு. ரெண்டும் உங்க கை."

"ஒண்ணு அச்சே கோணல் சார்."

"இன்னொண்ணு?"

அவள் கத்தியைத் துணியில் துடைத்தாள். இன்னொன்றில் கத்தி நழுவியதை அவரும் பார்த்திருந்தார்.

"மூணாவது திரும்பி வந்தா மெழுகு மேஜை கிடையாது. பிளாஸ்டர் கலக்கப் போகணும்."

"பதினாலு வருஷமா இதே மேஜையில இருக்கேன் சார்."

"மேஜை அதேதான். கை அதே கையா?" என்றுவிட்டு நகர்ந்தார்.

பக்கத்து மேஜையில் தேய்த்து மெருகேற்றுகிற ஆள் இருந்தான். அரம் என்று கூப்பிடுவார்கள். வாயும் அரம்தான். அவளை அவன் மெழுகு என்பான்.

"விடு மெழுகு. பிளாஸ்டர் மேஜையும் நல்லாத்தான் இருக்கும். சாகற வரைக்கும் பவுடர் போட்ட மாதிரியே இருக்கலாம்."

"உன் வாயில ஊத்தி அச்சு எடுக்கறேன் பாரு."

"எடுத்தா பாதி பல்லு இருக்காது. மீதியை என் பொண்டாட்டி வெச்சிருக்கா," என்றபடி அடுத்த கேஸை அவள் பக்கம் தள்ளினான். "இந்தா, முன்னூத்திப் பதினெட்டு. நைட் கார்டு. யாருன்னே தெரியலை, சுவத்தையே கடிச்சுத் தின்னிருக்கு."

பல்லை அரைக்கிறவர்கள் படுக்கும்போது மாட்டிக்கொள்கிற தடுப்புத்தான் நைட் கார்டு. லேபில் நோயாளியின் பேர் வராது, எண் மட்டும் வரும். கூட ஒரு சீட்டு: 'பெண், வயது 46. பல வருடங்களாகப் பல் அரைத்தல். காலையில் தலைவலி, தாடை வலி. தூக்கமின்மை.'

பல்வரிசையைப் பார்த்து ஆளைச் சொல்வது அந்த லேபில் ஒரு விளையாட்டு. அதில் சின்னவளை அடிக்க ஆள் கிடையாது. சட்டத்தைக் கையில் எடுத்தாள். கடைவாய்ப்பல் எல்லாம் குன்று குழி இல்லாமல் மேஜைப் பலகை மாதிரித் தட்டையாக இருந்தன.

"ஐயோ பாவம்," என்றாள். "இது தூங்கிப் பல வருஷம் ஆச்சு. எதையோ சொல்ல முடியாம உள்ளேயே வெச்சு அரைச்சுக்கிட்டிருக்கு. யாரு பெத்த பொண்ணோ..."

விரல் கீழ்வரிசைக்கு வந்தது. அங்கே கோரைப்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் கால் போட்டு நின்றது. மேலே முன்பல்லின் ஒரு மூலை இல்லை.

சின்னவளுக்குக் காது இரண்டும் கொதித்தன. ஒன்பது வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஒரு வாயைத்தான். இருட்டில் தடவினாலும் சொல்லிவிடுவாள்.

"என்ன, ஆளைக் கண்டுபிடிச்சிட்டியா?" என்றான் அரம். எட்டிச் சட்டத்தை வாங்கி, தேய்மானம் பார்க்கிறவன் போலக் கீழ்வரிசையைப் பக்கவாட்டில் இழுத்தான்.

கறக், கறக், கறக்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். அவர்கள் வீட்டு எலி.

இந்த இடத்தில் அவள் மனம் இளகியிருக்கும் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் நல்லவர்கள். அவளுக்கு வந்தது ஆத்திரம். இரக்கப்பட்டுவிட்டோமே என்று ஓர் ஆத்திரம். அதற்கு மேலே இன்னொன்று: 'பழியைத் தூக்கி என் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று இத்தனை நாள் சபித்தேனே! என்னுடைய நோயைக்கூட இவள் விட்டு வைக்கவில்லையா?'

மெழுகு வேலையை முடித்து அனுப்பினாள். பிளாஸ்டிக்காக மாறி மூன்றாம் நாள் வந்தது. கடி பார்த்தாள். வலதுபக்கம் கடைசிப் பல்லில் கடுகளவு உயரம். ட-டக். அவள் கேட்டுச் சிரித்தாள். இதை மாட்டிக்கொண்டு படுத்தால் ஒரு வாரத்தில் வலது தாடை வீங்கும், பொட்டில் ஆணி அடித்த மாதிரி வலிக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. பெட்டியை எடுத்து அதற்குள் வைத்தும் விட்டாள்.

பிறகு மைக்ரானின் செருப்புச் சத்தம் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. உலகத்தில் யாருக்கு வலித்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், பெரியவள் பொறுக்க மாட்டாள். தண்ணீர் ஒரு சொட்டு அதிகமாக விழுந்தாலே ஃப்ரிட்ஜிடம் புகார் சொல்கிறவள். மறுநாளே தூக்கிக்கொண்டு போய்ப் பல் டாக்டர் முகத்தில் எறிவாள். மூன்றாவது பீஸ்.

திட்டிக்கொண்டே வெளியே எடுத்தாள். தேய்க்கப் போனால் கை நிற்கவில்லை. உயரத்தை இங்கே தேய்த்தால் அங்கே இடித்தது. கண்ணில் நீர் முட்டியது.

"ஏய் மெழுகு, இங்க பாரு," என்றான் அரம். "நீ வேலை பார்க்கறப்ப பல்லைக் கடிக்கிற. அந்தக் கடி தோள் வழியா கைக்கு எறங்குது. ரொம்ப நாளா சொல்லணும்னு நெனைச்சேன், சொன்னா என்னையே கடிப்பியோன்னு விட்டுட்டேன். இதை வாயில வை." ஒரு பட்டை மெழுகை மடித்துக் கொடுத்தான்.

வைத்தாள். வாயில் எதையோ கவ்வின பூனை மாதிரி உட்கார்ந்து தேய்த்தாள். கை கொஞ்சம் அடங்கியது. முடித்ததும் மெழுகைத் துப்பி மேஜையில் போட்டாள். அந்த வழியாக வந்த மைக்ரான் அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அவளுடைய கடைவாய்ப்பல் அதில் பதிந்திருந்தது. ஒரு குன்று இல்லை, ஒரு குழி இல்லை.

"இதுவும் முன்னூத்திப் பதினெட்டா? ஒரே வாயா?"

"ச்சீ!" என்றாள் சின்னவள்.

"கடி பார்த்தாச்சா?"

சட்டத்தை மூடினாள். இரண்டு சத்தம் இல்லை. ஒன்று என்றும் சொல்ல முடியாது. 'டக்'குக்கு ஓரத்தில் ஒரு மூச்சு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. ஒன்றரைச் சத்தம். இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். அவளுக்குத் தெரியும், அவள் காதுக்குத் தெரியும். அந்த அரைச் சத்தத்தை என்ன செய்வது என்று ஒரு நிமிடம் பார்த்தாள்.

"பார்த்தாச்சு சார்," என்று பெட்டியை மூடினாள்.

பிறகு ஒரு வாரம் வீட்டில் எலி பாதியாகிவிட்டது. தம்பி காலையில் ஆச்சரியமாகச் சொன்னான்: "அந்தப் பக்கம் சத்தமே இல்லையாம். அண்ணன் சொன்னான். நம்ம பக்கம் மட்டும்தான் கேக்குதாம். எலி இந்தப் பக்கம் குடி வந்திருச்சு போல." இரண்டு பொறியையும் தன் பக்கமே வைத்தான். சின்னவள் அந்தப் பொறிகளைத் தாண்டிப் போனாள். நகத்தால் யார் சுரண்டினார்கள் என்றும், அந்தப் பக்கத்திலிருந்து எதற்காகத் தட்டினார்கள் என்றும் அவளுக்கு இப்போது தெரியும். தெரிந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெட்டி திரும்பி வருமா என்று ஒவ்வொரு நாளும் லேபில் வாசலைப் பார்த்தாள். திங்கள், செவ்வாய், புதன். யார் பை கொண்டு வந்தாலும் எழுந்து போய் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணனும் தம்பியும் கூடத்தில் மின்விசிறியைக் கழற்றிப் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் குழாயடியில் நின்றாள். பெரியவள் உள்ளே வந்தாள். ஃப்ரிட்ஜைத் திறக்கவில்லை. நேராக வந்து, ஒரு சின்ன நீலப் பெட்டியை அடுப்பு மேடையில் வைத்தாள். மூடியில் லேபின் பெயர் ஒட்டியிருந்தது. கீழே: மேஜை 4, சின்னவளின் மேஜை.

"வலது பக்கம் இடிக்குது," என்றாள். ஃப்ரிட்ஜிடம் இல்லை, குழாயிடம் இல்லை. ஒன்பது வருடத்தில் நேருக்கு நேராக முதல் பேச்சு இதுதான்.

"அப்படியா."

"தெரியாத மாதிரிப் பேசாதே. உன் கைவேலைதானே? நாளைக்கு டாக்டரம்மாகிட்ட போறேன். இந்த மாதிரி செய்யறவளை எதுக்கு வெச்சிருக்கீங்கன்னு கேக்கப் போறேன்."

சின்னவள் குழாயை மூடினாள். மேஜையும் ஜன்னலும் விளக்கும் கண் முன்னால் போயின. கெஞ்சலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நாக்கு மறுத்துவிட்டது.

"உக்காருங்க," என்றாள்.

"என்னது?"

"உக்காருங்கன்னேன். கடிச்சுக் காட்டணும். எங்க இடிக்குதுன்னு வாயால சொன்னா எனக்குத் தெரியாது. உங்க வாய் சொல்றது எதையும் நான் நம்பறதா இல்ல."

பெரியவளுக்கு மூக்கு விடைத்தது. ஆனாலும் முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தாடை அப்படி வலித்திருக்க வேண்டும். சின்னவள் கைப்பையிலிருந்து நீலத்தாள், மெல்லிய அரம், உப்புத்தாள் எல்லாம் எடுத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கார்டை மாட்டிவிட்டு, அந்த வாய்க்குள் விரலை விட்டாள்.

"கடிச்சுடாதீங்க."

"கடிக்கறதா இருந்தா எப்பவோ கடிச்சிருப்பேன்."

"கடிச்சீங்க. மறந்துட்டீங்க. இப்ப பேசாதீங்க. தாளைக் கடிங்க."

டக், கூடவே அந்த அரைச் சத்தம். கழற்றித் தேய்த்தாள். மறுபடி மாட்டினாள்.

"கடிங்க. இன்னும். வாயைத் திறக்காதீங்க."

பெரியவள் வாய் நிறையப் பிளாஸ்டிக்கும் நீலத்தாளும். சின்னவளின் இரண்டு விரல் கன்னத்துக்குள். கண் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு நேரம் இனி வாய்க்காது என்று சின்னவளுக்குத் தோன்றியது.

"அன்னைக்கு நாலு மணிக்கு நீங்க வரணும்," என்றாள் மெதுவாக. "நீங்க வரலை. கூடத்துல வந்து என்னைக் கை காட்டினப்ப உங்க கன்னத்துல தலையணைக் கோடு இருந்துச்சு. காது வரைக்கும். நான் அரை மணி நேரம் உங்களுக்கு முன்னாடி தூங்கினேன், அவ்வளவுதான். நீங்களும் தூங்கினீங்க. உங்க புருஷன்கிட்டகூட நான் சொல்லலை. யார்கிட்டயும் சொல்லலை. கடிங்க. விடாதீங்க."

பெரியவள் கடித்துக்கொண்டே இருந்தாள். முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. பிறகு சின்னவளின் கையைத் தட்டிவிட்டாள். கார்டைப் பிடுங்கி உள்ளங்கையில் எச்சிலோடு வைத்துக்கொண்டாள். கத்தப்போகிறாள் என்று சின்னவள் தயாரானாள்.

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, பாவி?" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "கண்ணாடியில நானே பார்த்தேன்டி அந்தக் கோட்டை. நீ பார்த்ததையும் பார்த்தேன். இன்னைக்குச் சொல்லுவியா, நாளைக்குச் சொல்லுவியான்னு... கூடத்துல நாலு பேர் சேர்ந்தா நான் உள்ளே ஓடிருவேன். நீ வாயைத் திறந்தா எனக்குத் தலை சுத்தும். குழாய்கிட்ட நீ பேசறப்பல்லாம் இதோ வந்திருச்சு, இதோ வந்திருச்சுன்னு... ஒன்பது வருஷம்! சொல்லவும் மாட்டே, விடவும் மாட்டே!"

"உங்களுக்குப் பயந்து நான் சொல்லாம இருந்தேன்னு நெனைச்சீங்களா?"

"என்னைக் கொல்றதுக்குத்தான் சொல்லாம இருந்தே!"

"முதல்ல நீங்கதானே சொன்னீங்க!"

"சொன்னேன்! முந்திக்கிட்டேன்! இல்லேன்னா நீ சொல்லியிருப்பே!"

சமையலறை வாசலில் நிழல் விழுந்தது. கையில் மின்விசிறி இறக்கையோடு தம்பி நின்றான். தன் பெண்டாட்டி கையில் அரம், அண்ணி கையில் பல். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அவன் ஒன்பது வருடத்தில் பார்க்காத காட்சி.

"என்ன... ஏதாவது உதவி வேணுமா?"

"போங்க!" என்றார்கள் இருவரும். அவன் போனான்.

சின்னவள் கையை நீட்டினாள். பெரியவள் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, கார்டை அதில் வைத்தாள். சின்னவள் கழுவி, நீலம் பட்ட இடத்தை நாலு இழுப்பு இழுத்தாள். கை உதறவில்லை. அது அவளுக்கே அப்புறம்தான் நினைவு வந்தது.

"கடிங்க."

டக்.

"இன்னொரு தடவை."

டக்.

"இடிக்குதா?"

பெரியவள் நாக்கால் தடவிப் பார்த்தாள். குறை கண்டுபிடிக்கத் தேடினாள், கிடைக்கவில்லை. கழற்றிப் பெட்டியில் போட்டு மூடினாள்.

"பரவாயில்லை," என்றாள் கடுப்பாக. எழுந்து போகிறவள் வாசலில் நின்றாள். "உன் பக்கம் எலி இன்னும் இருக்கு. சகிக்கலை. உனக்கும் ஒண்ணு செஞ்சு மாட்டிக்கோ. தட்டித் தட்டி என் கை வலிக்குது."

"உங்க யோசனையைக் கேட்டு நான் எதுவும் செய்யறதில்ல."

"செய்யாதே. யாருக்கு என்ன."

ஃப்ரிட்ஜ் கதவை அறைந்துவிட்டுத்தான் போனாள்.

திங்கட்கிழமை காலை சின்னவள் பேருந்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். கோபம் இன்னும் இருந்தது. அது அவ்வளவு சுலபத்தில் எங்கே போகும்? 'முந்திக்கிட்டேன்' என்றாளே, அந்த வார்த்தைக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே வந்தாள். நல்ல பதில் ஒன்று கிடைத்தது. அதைவிட நல்லதாக இன்னொன்று இருக்கும் என்று தேடினாள். தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். நடத்துநர். வண்டியில் வேறு ஒருவரும் இல்லை. வெளியே அவள் பார்த்திராத ஒரு பெரிய கொட்டகை, வரிசையாக நிற்கிற காலி வண்டிகள்.

"கடைசி ஸ்டாப்பும் போயாச்சும்மா! டெப்போவுக்கே வந்தாச்சு! வண்டி கழுவணும், எறங்கு. தூங்கிட்டியா?"

உடம்பு பழக்கத்தில் தூக்கிப்போடப் பார்த்தது. பிடரி இறுகத் தயாரானது. அவள் கன்னத்தைத் தொட்டாள். ஜன்னல் கம்பி பதிந்து ஒரு கோடு விரலுக்குத் தட்டுப்பட்டது. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. பல்லோடு பல் ஒட்டாமல் வாய் சும்மா, தளர்ந்து கிடந்தது.

"ஆமா," என்றாள். "தூங்கிட்டேன்."

"நல்லாத் தூங்கினே போ. எழுப்ப எழுப்ப எழுந்திருக்கலை."

லேபுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனாள். மைக்ரான் கடிகாரத்தைப் பார்த்தபடி வழியிலேயே நின்றார்.

"பதினாலு வருஷத்துல ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்லை. என்னாச்சு?"

"தூங்கிட்டேன் சார்."

அரம் தலையை நிமிர்த்திப் பார்த்தான். மைக்ரான் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். மில்லிமீட்டர் எதுவும் கைக்கு அகப்படவில்லை போலிருக்கிறது. "முன்னூத்திப் பதினெட்டு திரும்பி வரலை," என்றார் கடைசியில். "டாக்டரம்மா போன் பண்ணினாங்க. நோயாளி சொல்லிச்சாம், கடி சரியா இருக்குன்னு. போங்க, மேஜையில வேலை கெடக்கு."

அவள் உட்கார்ந்தாள். விளக்கைப் பற்றவைத்தாள். மேஜை ஓரத்தில், அவள் கடித்துத் துப்பிய மெழுகுப் பட்டை அப்படியே கிடந்தது. அதைப் பார்த்தாள். அப்புறம் அரத்தின் பக்கம் திரும்பினாள்.

"அச்சுப் பசை கலக்கத் தெரியுமா உனக்கு?"

"யாருக்கு?"

"எங்க வீட்டு எலிக்கு," என்று வாயைத் திறந்தாள்.